டேங்கர் வரும் நேரம்

“வந்துட்டான் மாமா, உளவாளி,” என்றபடி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான் மச்சினன்.

பெட்ரோல் பங்க்காரர் எட்டிப் பார்த்தார். வெள்ளை எலெக்ட்ரிக் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து, காற்று பிடிக்கும் மெஷின் பக்கத்தில், பம்புகளைப் பார்த்தபடி நின்றது. பின்பக்கக் கறுப்புக் கண்ணாடி மட்டும் நாலு விரல் அளவுக்கு இறங்கியது.

“பெட்ரோலே தொடாத வண்டிக்கு இங்க என்ன வேலை? கேட்டா டயருக்குக் காத்து பிடிக்க வந்தேங்கறான். தினம் காத்து பிடிக்க அது என்ன ஓட்டை பலூனா?” என்றான் மச்சினன்.

பங்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே இருக்கும் காலி மனையில் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கம்பெனி ஆள் வைத்து இந்தச் சாலையை நோட்டம் பார்க்கிறதாம். அது வந்துவிட்டால் பங்க்கை மூட வேண்டியதுதான். பாதிப் பம்புகளுக்கு ஏற்கெனவே சாக்கு போர்த்தியாகிவிட்டது.

இதை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. சட்டை, தலையணை, சாப்பாட்டு டப்பா வரைக்கும் ஏறிப்போன பெட்ரோல் வாசம் வீட்டில் எல்லோரையும் தும்ம வைக்கும். அவர் மூக்குக்கு மட்டும் அது தெரியாமல் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

வாயைக் கிளறிப் பார்க்கலாம் என்று வெளியே போனார். கார்க்கார இளைஞன் டயர் அருகே குந்தியிருந்தான். மச்சினனும் பின்னாலேயே வந்தான்.

“தெரியாமத்தான் கேக்கறேன் தம்பி. இந்த வண்டிய வாங்கி என்ன சுகத்தக் கண்டீங்க?”

“யாரையும் நம்பி இருக்க வேணாம்ல, அண்ணே. எங்கேருந்தோ கப்பல்ல எண்ணெய் வந்தாத்தான் நம்ம வண்டி நகரும்னா அது ஒரு பொழப்பா? என் மாடியில வெயில் அடிக்குது, சோலார் தகடு போட்டிருக்கேன், வண்டி ஓடுது. வீடோ நாடோ, சொந்தக் கால்ல நிக்கணும்.”

“பேட்டரியும் உங்க மாடியிலதான் காய்க்குதோ? அதுவும் கப்பல்லதான வருது?”

மச்சினன் நடுவில் புகுந்தான். “ரெண்டு பேரும் கப்பலை விட்டு இறங்குங்க. கரும்புலேருந்து ஸ்பிரிட்டு எடுக்கலாம். நம்ம மண்ணு, நம்ம கரும்பு. அதுல ஓட்டுங்க வண்டிய.”

“உன் கண்ணுல படாம அதை வண்டிக்கு ஊத்தறதுதான் கஷ்டம்,” என்றார் பங்க்காரர்.

“நிலத்தையெல்லாம் வண்டிக்கே எழுதி வச்சுட்டா அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?” என்று கேட்ட இளைஞன் சட்டென்று குரலைத் தணித்தான். “அது கெடக்கட்டும்ண்ணே. டேங்கர் எப்ப வரும்?”

பங்க்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். “டேங்கர் வந்தா உங்களுக்கென்ன?”

“சும்மாதான் கேட்டேன்,” என்றான். ஆனால் அவன் பார்வை காரின் பின்கண்ணாடிக்குப் போய் மீண்டது. “அந்தப் பம்பையெல்லாம் ஏன் மூடி வச்சிருக்கீங்க? திறக்க மாட்டீங்களா?”

மச்சினன் அவரை ஓரமாக இழுத்துப்போனான். “எவ்வளவு எறங்குது, எவ்வளவு விக்குதுன்னு வேவு பாக்கறான் மாமா. பின்சீட்ல கேமரா இருக்கு. கண்ணாடி எறங்கறது அதுக்குத்தான்.”

பங்க்காரர் திரும்பி வந்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், “நாளைக்குக் காலையில டேங்கர் வருது தம்பி,” என்றார். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் உளவாளிதானா என்று இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

மறுநாள் டேங்கர் வருவதற்கு முன்பே வெள்ளைக் கார் வந்து காத்திருந்தது. தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை மாட்டினார்கள். காரின் பின்கண்ணாடி இந்த முறை முழுசாக இறங்கியது.

“கையும் களவுமா பிடிச்சிடலாம்,” என்று மச்சினன் கிசுகிசுத்தான். இருவரும் சுவரோரமாகப் பதுங்கி நடந்தார்கள். சொந்த இடத்திலேயே திருடன் மாதிரி நடக்க வேண்டியிருக்கிறதே என்று பங்க்காரருக்கு ஆத்திரமாக வந்தது.

ஜன்னலுக்குள் கேமரா இல்லை. பின்சீட்டில் வாடி வதங்கிய ஒரு பெண் கால்களை மடித்து, கண்களை மூடி, டேங்கர் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். எங்கோ தூரத்துப் பாட்டுக்குக் காது கொடுக்கிறவள் போல அப்படியொரு அமைதி அவள் முகத்தில்.

“தூங்கற மாதிரி நடிக்குது மாமா. ஏமாந்துடாதீங்க.”

பங்க்காரர் நேராக இளைஞனிடம் போனார். “வேவு பாத்தது போதும் தம்பி. உங்க கம்பெனிகிட்டப் போய்ச் சொல்லுங்க. இந்த மாசத்தோட நானே பங்க்கை மூடிடறேன். சந்தோஷமா இருங்க.”

அவன் முகம் வெளுத்துப்போனது. “எந்தக் கம்பெனிண்ணே? நான் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கறேன்.” சொன்னவன் எட்டி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். “மூடாதீங்க. இன்னும் ஒரு ஆறு மாசத்துக்காவது தயவுபண்ணி மூடாதீங்க.”

“சொந்தக் கால்ல நிக்கற ஆளு நீ,” என்றான் மச்சினன். “பெட்ரோல் பங்க் இருந்தா என்ன, போனா என்ன உனக்கு?”

இளைஞன் கார் ஜன்னலைப் பார்த்தான். காது வரைக்கும் சிவந்துபோய், பங்க்காரருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“மசக்கைண்ணே. பெட்ரோல் வாசம் பிடிச்சாத்தான் இவளுக்கு ஒரு வாய் சோறு எறங்குது.”