பாலத்து மேல ஒரு சட்டி

"அம்மணி, சட்டியக் கீழ வை! நடுவர் இன்னும் வரல!"

பாலிந்த் கரண்டியத் தூக்கிட்டு ஓடி வந்தான். ஸ்லாவ்கா காதுலயே வாங்கல. அவ வாய் நெறய ஹாலுஷ்கி, அதான் ஸ்லோவாக் கரையோட உருளைக்கெழங்கு மாவு உருண்டை.

டான்யூப் பாலத்து மேல வருஷா வருஷம் விருந்து. ஹங்கேரிக் கரைக்காரன் ஸ்லோவாக் சாப்பாடு செய்யணும். ஸ்லோவாக் கரைக்காரன் ஹங்கேரி மீன் சூப் வைக்கணும். ரெண்டு கரையும் ஒண்ணா உக்காந்து திங்கணும். அதான் ஏற்பாடு. மூணு வருஷம் சேந்தாப்புல தோத்தா, பாலத்துல அடுப்பு கெடையாது.

ஹங்கேரிக் கரை பாலிந்த் ரெண்டு வருஷம் தோத்தாச்சு. மொத வருஷம் செஞ்சத வச்சு போஸ்டர் ஒட்டலாம். போன வருஷத்துத வச்சு ரோடு போடலாம். படகுக்கு வெல்டிங் வைக்கிற கைக்கு மாவு பெசைய வருமா? ஆனாலும் ஆளு விடல. குளிர்காலம் பூரா உருளைக்கெழங்கத் துருவித் துருவி, விரல்ல தோலே இல்ல.

"இந்தத் தடவ அடுப்ப விடமாட்டேன்"னு சொல்லிட்டு வந்தவன் முன்னாடிதான் இந்த அநியாயம்.

"ருசி பாக்கறேன்"னு ஒரு கரண்டி எடுத்த ஸ்லாவ்கா, திரும்பி அவங்க ஸ்லோவாக் கரையப் பாத்து ஒரு விசில் அடிச்சா. பதினோரு பேரு ஸ்பூனோட வந்துட்டாங்க.

"ஏம்மா, ஒங்க ஊட்ல சோறே போடறதில்லயா?"

"போடுவாங்க. இப்பிடிப் போடமாட்டாங்க."

"என் அடுப்பு போயிரும் தாயி!"

"கத்தாதய்யா, திங்கற எடத்துல."

பத்தே நிமிஷம். சட்டி காலி.

நடுவரம்மா நோட்டோட வந்து எட்டிப் பாத்தாங்க. "எங்கய்யா ஹாலுஷ்கி?"

"தின்னுட்டாங்கம்மா! அந்தக் கரைப் பஞ்சப்பராரிங்க மொத்தமா தின்னுட்டாங்க!"

"ஸ்லோவாக்குங்களேவா? யாரு செஞ்சாலும் நொட்டை சொல்ற ஆளுங்க, ஒன் சட்டிய வழிச்சுட்டாங்களா? இதுக்கு மேல நான் என்னத்த ருசி பாக்க?" சிரிச்சுக்கிட்டே 'பாஸ்'னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

அடுப்பு தப்பிச்சுது. ஆனா பாலிந்துக்கு ஆத்திரம் அடங்கல. இவ்ளோ பாடுபட்டு தனக்குன்னு ஒரு வாய் இல்லயே! சட்டி அடியில ஒட்டுனதச் சொரண்டி வாயில போட்டான்.

கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு.

வீட்ல பழகுனதெல்லாம் உள்ளூர்க் கடை சீஸ்ல. இன்னிக்குத்தான் மொத மொதல்ல அந்தக் கரையோட அசல் செம்மறியாட்டு சீஸ் வாங்கியாந்தான். அதுவே உப்புல ஊறுனது, மாவுக்குத் தனியா உப்பு கூடாதுன்னு அங்க பொறந்த கொழந்தைக்கும் தெரியும். இவன் கை கையா அள்ளிப் போட்டிருக்கான். பதட்டத்துல ருசியும் பாக்கல. நடுவரம்மா ஒரு வாய் வச்சிருந்தா அடுப்பு அப்பவே போயிருக்கும்.

நிமிந்து பாத்தான்.

பாலத்தோட அந்தக் கோடியில, தண்ணிக் குழாயடியில, ஸ்லாவ்காவும் அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு ஜக்கத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டிருந்தாங்க.