அவர் மாட்டிய படங்கள்

போன மாதம் போய்ச் சேர்ந்த அப்பாவின் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு மகன் நாற்காலியிலிருந்து இறங்குகிறான். மாலை வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. "கோணலா இருக்குடா," என்கிறாள் அம்மா. ஓய்வு பெறும்வரை பாலம் பாலமாகக் கட்டிய என்ஜினியரின் மனைவி. கோணல் என்றாலே அவளுக்கு ஆகாது. மகன் சலித்துக்கொண்டே அப்பாவின் பையைத் துழாவி, நேர் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைக்கிறான். குமிழி லேசாக அசைந்து நட்டநடுவில் நிற்கிறது. "நேராத்தான் இருக்கும்மா." "அப்போ பக்கத்துல இருக்கறது?" அது மகளின் கல்யாணப் படம், அப்பா தன் கையால் மாட்டியது. அதன் மேல் வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடுகிறது. பேரனின் படத்திலும் அதே ஓரத்துக்கு ஓடுகிறது. மகன் அண்ணாந்து பார்க்கிறான். "கூரை ஒரு பக்கமா இறங்கியிருக்கும்மா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி சாய்ச்சு மாட்டியிருக்காரு." ஆணி அடிக்கும்போதெல்லாம், "நீ போய்க் காப்பி போடு" என்று அவளை அடுப்படிக்கு விரட்டுவார். அவரே நின்று கட்டிய வீடு. நூல் பிடித்த மாதிரி என்று அவள் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை. "இதையும் சாய்ச்சிடட்டுமா?" மகன் கை நீட்டுகிறான். "வேண்டாம், விடு." இப்போது ஜன்னல், நிலை, விட்டம் எல்லாமே அவள் கண்ணுக்குச் சரிந்து தெரிகின்றன. அவர் ஒருவர்தான் நேராக இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், இறங்கி வந்து எதையும் மறைக்க முடியாமல்.