நான்காவது பெட்டி

"ஒரு திங்கக்கிழமை கூடத் தவறல, மேடம். நூத்தி நாலு வாரமா அண்ணன் இதையேதான் செஞ்சுக்கிட்டிருக்கார்."

தணிக்கையாளர் மோப்பம் கணினித் திரையை மேலாளர் பக்கம் திருப்பினார். மோப்பம் இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். அது பழைய பெயர்.

அந்த நிறுவனம் ஒரு தேடுதளம் நடத்தியது. ஏதாவது வாங்க வேண்டுமென்று தேடினால், கிடைத்ததையெல்லாம் ஒரே பட்டியலாகக் கொட்டாமல், சமையலறை, தோட்டம், விளையாட்டுப் பொருள் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டும். ஒரு பொருள் ஒரே பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குடை மழைப் பெட்டியிலும் இருக்கும், வெயில் பெட்டியிலும் இருக்கும். எது எந்தெந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பன்னிரண்டு வருடமாகப் பெட்டிக்காரரின் வேலை.

"காந்த உருண்டை," என்று மேலாளர் படித்தார். "மிளகு அளவுல, கலர் கலரா இருநூறு. மேசை அலங்காரம், பரிசு, பொழுதுபோக்கு, விளையாட்டுப் பொருள்னு நாலு பெட்டியில வருது. அதுல விளையாட்டுப் பொருள்ல இருந்து மட்டும் வாராவாரம் எடுத்துடுறீங்க. ஏன்?"

"அது அங்க இருக்கக் கூடாது, மேடம்."

"மெஷினே திரும்பக் கொண்டுவந்து வெக்குதே! பொம்மை தேடுறவங்க அதைத்தான் அதிகமா பாக்குறாங்களாம். அத்தனை பேருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?"



"விக்கிறவங்க மூணு தடவை புகார் கொடுத்துட்டாங்க," என்றார் மோப்பம். "இவர் எடுத்ததும் அந்த இடத்துக்கு எது வருது தெரியுமா? மரப் பொம்மை. அதைச் செஞ்சு விக்கிறது யாரு தெரியுமா?" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணனோட மச்சினன்!"

மேலாளர் நிமிர்ந்தார். ஆறு மாதத்துக்கு முன்புதான் அவர் வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தார். பெட்டிக்காரரைப் பற்றி இதுவரை நல்ல எண்ணம்தான். நேரத்துக்கு வருவார், வம்பு பேச மாட்டார், மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவார். இப்போது அந்தத் தனிமையே வேறு மாதிரி பட்டது.

"மச்சினனா?"

"என் வீட்டுக்காரியோட தம்பி, மேடம். ஆனா அவன் என்கிட்ட பேசி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"பேசாமலே இவ்வளவு செய்யறீங்க, அண்ணே. பேசினா தளத்தையே எழுதிக் கொடுத்துடுவீங்க போல!" மோப்பம் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பழைய ஊழியர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எல்லாருக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது என்று மேலாளருக்குத் தோன்றியது.

"இங்க பாருங்க, சாயங்காலத்துக்குள்ள நான் மேலிடத்துக்கு எழுதணும். நீங்க காரணம் சொல்லலேன்னா வேலை போயிடும்."

"வேலை போயிட்டா, திங்கக்கிழமை அதை யாரு மேடம் எடுப்பாங்க?"

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "முதல்ல யாரோ யோசிச்சுத்தானே அதை அங்க வெச்சிருப்பாங்க? அந்த ஆளையே கூப்பிட்டுக் கேட்டுடலாம். யாருன்னு பாருங்க."

மோப்பம் பழைய பதிவுகளைப் புரட்டினார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், இதைக் கேளுங்க! மூணு வருஷத்துக்கு முன்னாடி அதை விளையாட்டுப் பொருள்ல போட்டதே அண்ணன்தான்! அந்த மாசத்துச் சிறந்த ஊழியர்னு பாராட்டு வேற வாங்கியிருக்கார்."

"ஓகோ. அப்போ உருண்டைக்காரனுக்காகப் போட்டீங்க. இப்போ மச்சினனுக்காக எடுக்கறீங்க. அப்படித்தானே?"

"யாருக்காகவும் போடல, மேடம். ஒரு பொருள் எத்தனை பெட்டியில இருக்கோ அத்தனை பேர் கண்ணுல படும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. ஒரு நாளைக்கு ஐந்நூறு பொருள் வரும். உருண்டையா இருந்துச்சு, கலரா இருந்துச்சு. போட்டுட்டேன். மறுநாளே மறந்தும் போச்சு."

"சரி, அப்புறம் என்ன திடீர்னு ஞானோதயம்?"

பெட்டிக்காரர் மேலாளரைப் பார்க்காமல் திரையையே பார்த்தபடி சொன்னார்.

"என் பொண்ணுக்கு நாலாவது பொறந்தநாள் வந்துச்சு. எல்லாரையும் போல நானும் நம்ம தளத்துலதான் பொம்மை தேடினேன். முதல்ல இதுதான் வந்துச்சு. நம்ம தளமே காட்டுதேன்னு வாங்கிக் கொடுத்தேன்."

மோப்பத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு உருண்டையை முழுங்கிட்டா. உள்ள போனதும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து, குடலைக் கிழிச்சிடுச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க, காப்பாத்த முடியல. எல்லாம் முடிஞ்ச பிறகு டாக்டர் வெளிய வந்து என் தோள்ல கை வெச்சுக் கேட்டார், 'இதைப் போய்ப் பொம்மைன்னு உங்களுக்கு எவன் சார் சொன்னான்?'"