கதவில் தொங்கிய பை

"வெட்டுன காயக் காசு குடுத்தா வாங்குத?"

கதவில் யாரோ மாட்டிவிட்டுப் போயிருந்த பையைச் சொர்ணம்மாள் தரையில் கவிழ்த்துக் கடை பரப்பினாள். நறுக்கிய கத்தரிக்காய், உரித்த சின்ன வெங்காயம், ஒரு குழம்புக்கு வேண்டிய புளி, பொட்டலத்தில் மசாலாப் பொடி, நூல் சுற்றிய கறிவேப்பிலை. அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கவிட வேண்டியதுதான் பாக்கி.

"கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாயிருது அத்த. அதான்..." என்று இழுத்தாள் மருமகள் சந்திரலேகா.

"உரிச்ச வெங்காயத்துக்கு ஒரு வெல, உரிக்காததுக்கு ஒரு வெலயா? எம் புள்ள இருட்டோட எந்திரிச்சி ஷிப்டுக்கு ஓடுதான். நீ நோகாம நுங்கு திங்குத!"

சந்திரலேகாவும் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறவள்தான். அதெல்லாம் மாமியாரின் கண்ணில் படாது. உடன்குடியிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அவள் வாயில் இரண்டே பேச்சு. ஒன்று, மகன் வேல்ராஜ் கார் கம்பெனியில் இருக்கிற பெருமை. இன்னொன்று, மருமகளின் சோம்பேறித்தனம்.

இத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு சந்திரலேகா சிரித்துக்கொண்டே குழம்பை இறக்கினாள். சொர்ணம்மாளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடியுமுன்பே வேல்ராஜ் கம்பெனியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். பொழுது விடிந்ததும் கதவில் சரக்கென்று ஒரு சத்தம். இதற்காகவே காத்திருந்த சொர்ணம்மாள் பாய்ந்து கதவைத் திறந்தாள்.

தாழ்ப்பாளில் பை ஆடிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிய ஒருத்தன் மாடிப்படியில் தாவித் தாவி இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஏல! நல்ல தாயிக்குப் பொறந்தவன்னா நில்லுல!"

அவன் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடினான்.

விடுவாளா சொர்ணம்மாள்? மருமகள் வேலைக்குப் போனதும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் அச்சடித்திருந்த பெயரை விசாரித்தபடி சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

வாசலில் மசாலாப் பொடி நிறுத்துக்கொண்டிருந்த சௌந்தர்யா நிமிர்ந்தாள். "இன்னாம்மா வோணும்?"

"காய நறுக்கிக் குடுத்துப் பொம்பளயளக் கெடுக்கது யாரு? அவனக் கூப்பிடு!"

சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கெடுக்கறமா? ஹாஸ்டல் பொண்ணுங்களக் கேட்டுப் பாரும்மா. ஷிப்ட் முடிஞ்சி நின்னுகினே தூங்குதுங்க. வெங்காயம் உரிக்க முடியாம தெனம் புரோட்டா துன்னுகினு கெடந்துச்சுங்க. இப்ப சொந்தக் கையால கொழம்பு வெச்சுத் துன்னுதுங்க. நாங்க துட்டு வாங்கறது காய்க்கு இல்லம்மா, அதுங்க தூக்கத்துக்கு."

"இது யாரு குடுத்த யோசன?"

"என் பார்ட்னருதான். காண்ட்ராக்ட் முடிஞ்சிதுன்னு கம்பெனில நிறுத்திட்டாங்க. மனுசன் ஒடிஞ்சி போய்க் கெடந்தாரு. அவரு சம்சாரம்தான் தைரியம் சொல்லி இங்க இட்டாந்துச்சு. உள்ளதான் கீறாரு, நீயே போய்க் கேளு."

சொர்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆணியில் அந்த மழைக்கோட்டு தொங்கியது. அதன் கீழே ஒருத்தன் கண்ணில் நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டே, கூட வேலை செய்யும் பெண்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

சொர்ணம்மாள் ஓசைப்படாமல் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

சாயங்காலம் மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பையிலிருந்த காயில் சொர்ணம்மாளே குழம்பு வைத்திருந்தாள்.

"இன்னைக்குக் கம்பெனில செம வேலம்மா" என்றான் வேல்ராஜ்.

சொர்ணம்மாள் முதல் கரண்டியைச் சந்திரலேகாவின் தட்டில் ஊற்றினாள்.

"ஏளா, இத்தன வசவையும் யாருக்காவ வாங்கிக் கெட்டிக்கிட்ட?"

சந்திரலேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா வெசனப்படுவியன்னு அவுகதான்..."

வேல்ராஜ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஏல, நல்ல தாயிக்குப் பொறந்தவன்னா நில்லுன்னு காலைல கத்துனேன்லா?" சொர்ணம்மாள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நாளைக்கு அந்த மழைக்கோட்டக் கழத்திட்டு நின்னு, பைய எங் கையில குடுத்துட்டுப் போ!"