பெட்டியில் ஏற்றிய குரல்

ஆரோக்கியமேரி பெட்டியைக் கீபோர்டின் மேல் வைத்து, வயரைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள்.

சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது.

செங்கல் அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. கம்ப்யூட்டரில் ஓடும் பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று வாத்தியச் சத்தம் தரும் பிளகின்களை எல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமலே வாசிக்க விடும்.

ஈஸ்டர் பூசை நடுவில் லேப்டாப் ஹேங் ஆகி, பாடகர் குழு திறந்த வாயோடு நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் அந்தோணி இதை வாங்கினான். ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை முடிந்து வந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பிளகினாக அதில் ஏற்றினான். முதலில் சத்தம் விரலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. எதையெதையோ மாற்றிப் பார்த்து அதையும் சரிசெய்தான்.

மறுநாள் மாதா திருவிழா. அன்று சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. பாலாற்றுப் பக்கமிருந்து தோல் தொழிற்சாலை வாடை வந்துகொண்டிருந்தது. அதையும் மீறி மல்லிகை மணந்தது. பீடத்தருகே பெண்கள் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நற்கருணைப் பாட்டில் மேல் ஸ்தாயி எடுக்க ஆளில்லை. எடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஜோலார்பேட்டையிலிருந்து குடிவந்த நிஷாவுக்கு அன்றுதான் முதல் ஒத்திகை. நல்ல குரல். ஆனால் பயந்துபோய்ப் பாதியிலேயே நின்றுவிட்டது.

குழுவை நடத்தும் இன்பராஜ் கீபோர்டு பக்கம் திரும்பினார்.

"மேரி, அத்த போட்டுடேன். இந்தப் பொண்ணு அத்த புடிச்சிக்கினு மேல ஏறிடும்."

எதை என்று அவள் கேட்கவில்லை.

சவுண்ட் மிக்ஸரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்தோணி நிமிர்ந்தான். "வேணாம்னா வுட்டுடு" என்றான் மெதுவாக.

அவள் திரையை விரலால் தள்ளினாள். பியானோ. ஆர்கன். வயலின் கூட்டம். கடைசியில் ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த அந்தோணி, அதற்கு மட்டும் ஒரு புள்ளி வைத்திருந்தான்.

இதுவரை அவள் விரல் அந்தக் கட்டத்தைத் தாண்டியே போயிருக்கிறது. கேட்டால் தாங்கமாட்டோம் என்று பயம். கேட்காமலும் இருக்க முடியவில்லை. கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்திருக்கும்போதுகூட, அந்த இரைச்சலுக்கு அடியில் அந்தக் குரலைத்தான் காது தேடும்.

அது ஒரு பெண்ணின் குரல். ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக 'ஆ' என்றும் 'ஊ' என்றும் பாடிப் பதிந்தது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுரத்தில் அவள் பாடுவாள்.

வேலூரில் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் பதிந்தது. வீட்டுச் சுவரெல்லாம் போர்வையும் மெத்தையும் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, நடுவில் மைக்கை நிறுத்தினான் அந்தோணி. பாடியவள் வியர்வையில் நனைந்துபோனாள். 'ஊ' என்று அவள் இழுக்கும்போதெல்லாம் தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. "சிரிக்காம பாடு" என்று கடிந்துகொண்டவன், பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை.

மேரி புள்ளியைத் தொட்டாள்.

திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து நிறைந்தது. அவள் ஒரு கட்டையை அழுத்தினாள்.

'ஆ...'

பூ கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேரி பாட்டின் மேல் வரியை வாசித்தாள். குரல் பயமில்லாமல், படியேறுவதுபோல ஏறியது. உச்சியில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தை அவள் மறந்தே போயிருந்தாள். கடைசிச் சுரத்தில் விரலை எடுக்க மனம் வரவில்லை. மனுஷ மூச்சு அவ்வளவு நேரம் நிற்காது. பெட்டியில் அது நீண்டுகொண்டே இருந்தது.

"இன்னொரு தரம்" என்றார் இன்பராஜ்.

இந்தத் தடவை நிஷாவும் கூடவே பாடினாள். முதலில் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடினாள். பிறகு பக்கத்தில் வந்தாள். மேரியின் இடது கை பெட்டியின் குமிழுக்குப் போனது. கொஞ்சம் குறைத்தாள். இன்னும் கொஞ்சம். பாட்டு உச்சிக்குப் போனபோது பெட்டியிலிருந்து எதுவும் வரவில்லை. நிஷா மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

முடிந்ததும் கீபோர்டுக்கு ஓடிவந்தாள்.

"சூப்பரா பாடியிருக்காங்கக்கா. யாருக்கா அவங்க? இப்ப எங்க இருக்காங்க?"

இன்பராஜ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அந்தோணி ஏற்கெனவே சுருட்டி வைத்த வயரை எடுத்து மறுபடி சுருட்டினான்.

மேரி உதட்டை அசைத்தாள்.

"இன்னாக்கா? கேக்கல."

மேரி அவள் தோளைப் பிடித்து இழுத்து, காதைத் தன் வாயருகே கொண்டுவந்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே சொன்னாள்.

"நான்தாம்மா."