கடைச் சாவி

திகாம் பத்து ஊர் மண்டபத்தில் டக்ளஸ் முதலாளியின் நினைவுக் கூட்டம். தாமான் என்கிற குடியிருப்புகளில் வீடுகள் கட்டி விற்றவர். "அடுத்தவன்கிட்ட கைகட்டி நிக்காதடா" என்று சொல்லிச் சொல்லியே, தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளான எங்களைக் கடை வைக்கச் செய்தவர்.

அவர் கொடுத்த கடையில்தான் கார் கழுவுகிறேன். அதாவது, ஈ ஓட்டுகிறேன். என் பழைய ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாம். இன்று அவர் மகன் ஷானிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நாளை காலையிலேயே அங்கே போய் நிற்கப் போகிறேன்.

மேடையிலிருந்து ஷான் என்னைக் கூப்பிட்டான். "அப்பா கைதூக்கி விட்ட பிள்ளை, நம்ம சத்தியசீலன் அண்ணே! இனிமே புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு இவர்தான் வழிகாட்டி!"

ஒரே கைத்தட்டல். கழுத்தில் மாலை விழுந்தது. முன்வரிசையில் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டைப் பையில் சாவி குத்தியது.

கீழே இறங்கியதும் அவனை ஓரமாக இழுத்தேன். "தம்பி, என்னால முடியாதுப்பா. கடையை நீயே பார்த்துக்க லா."

"எப்படிண்ணே?" சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்பா தொழில் எனக்குச் சரிப்படல. உங்க பழைய ஃபேக்டரியில நேத்துதான் வேலை கிடைச்சுது. ஒரே ஒரு இடந்தான் இருந்துச்சாம்."