ஐந்தாவது பாட்டில்

கால்வாயில் தூர்வார இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கரையிலிருந்த நான்கு ஆலைகளின் முதலாளிகளையும் ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க நாலு பேர் கழிவுத் தண்ணியும் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார் ஆய்வக மேடம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் தோல் ஆலைக்காரர்.

"ஆனா, இந்த அஞ்சாவது பாட்டிலைத் திறந்ததும் எனக்கே தலை சுத்திடுச்சு. அந்த ரெண்டு பேரையும் சாய்ச்ச அதே வாயு."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கரையில் ஐந்தாவதாக ஓர் ஆலை இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை.

"எவனோ திருட்டுத்தனமா குழாய் போட்டிருக்கான்" என்றார் சாயப்பட்டறைக்காரர்.

"எவனா இருந்தாலும் சீல் வைக்கணும். விழுந்த ரெண்டு பேர் குடும்பத்தையும் அவன்தான் பார்த்துக்கணும். எழுதுங்க மேடம், நாங்க கையெழுத்துப் போடறோம்!" என்றார் தோல் ஆலைக்காரர்.

மேடம் எழுதினார். நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

"இப்பவாவது சொல்லுங்க, அது யாரோட தண்ணி?" என்றார் சாயப்பட்டறைக்காரர்.

"உங்க நாலு பேரோடதும்தான். நாலு பாட்டில்லேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நான்தான் ஒண்ணா ஊத்தினேன். தனித்தனியா சும்மா கிடக்குது, ஒண்ணா சேர்ந்தா விஷமாயிடுது."



"அப்போ... இதுல யார் மேல தப்பு?" தோல் ஆலைக்காரர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

மேடம் கதவைத் திறந்தார்.

"மயங்கி விழுந்தவங்கள்ல ஒருத்தரோட சம்சாரம் காலையிலேருந்து வெளியில உட்கார்ந்திருக்காங்க. அவங்களும் இதையேதான் கேட்கறாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."